பால்மா ரின்னுக்குள் நாலு தகடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தத் தகர ரின்னைப் புதைத்தது நான்தான். சொல்லவேண்டிய நேரத்தில் பதினொரு நாள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவள் நான். எழுதும்போதாவது பிந்தக் கூடாது என்றுதான் இதை முதல் வரியில் வைக்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன்பு அக்காவும் அத்தானும் கனடாவில், ஸ்காபரோவின் ரூஜ் பக்கம் வீடு வாங்கினார்கள். புது வீடு. கீழே பேஸ்மென்ட், பின்னால் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குப் புல்தரை. வீடு வாங்கின கையோடு அத்தானுக்கு வேலை போனது. அடுத்த மாதம் இடுப்பு நாரி பிடித்துப் படுத்துவிட்டார். அத்தான் எப்படிப்பட்டவர் என்றால், கலியாண வீட்டில் ஐயர் மந்திரம் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவரிடம் அதற்குக் கருத்துக் கேட்டுக் கேட்டு உயிரை வாங்குகிறவர். கையில் நூல் கட்டினவனைக் கண்டால் விடமாட்டார், நக்கல்தான். அப்படிப்பட்ட மனிதர் காணி அலுவலாக யாழ்ப்பாணம் போய்வந்தபோது சூட்கேசின் அடியில் ஒரு துவாய்க்குள் சுற்றி நாலு செப்புத் தகடு கொண்டுவந்தார். யாரோ ஒரு மந்திரவாதியைப் பிடித்து எழுதுவித்த காவல் தகடுகள். வளவின் நாலு மூலையிலும் ஒவ்வொன்றாகப் புதைத்தால் வீட்டுக்குக் கெட்டது ஒன்றும் அண்டாதாம்.

"என்னாலை குனிய ஏலாது," என்றார் என்னிடம். "பெடியளிட்டைச் சொன்னால் சிரிப்பாங்கள். உம்மட கொக்காவிட்டைச் சொன்னால் அரை மணித்தியாலத்தில ஸ்காபரோ முழுக்கத் தெரியும். நீர்தான் செய்து தரவேணும். ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மனிதரின் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. சரி, சத்தியம் என்றேன். அக்கா சாறி எடுக்கப் போயிருந்த ஒரு சனிக்கிழமை மண்வெட்டியோடு இறங்கினேன். இறங்கின பிறகுதான் சங்கடம் விளங்கியது. வளவு எங்கே, நாலு மூலை எங்கே? முன்பக்கப் புல்லுக்குக் கீழே கேஸ் லைன் போகிறது, கேட்காமல் கிண்டினால் வீடே பறந்துவிடும். ஒரு பக்க மூலை சிமெந்து. பின்னாலுள்ள ஒரு மூலையில் பக்கத்து வீட்டுக்காரரின் வேலி சரிந்து கிடந்தது. அத்தான் யன்னலால் தலையை நீட்டி, "எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு ஒரு மூலையில மண்ணுக்குள்ள தாட்டுவிடும், அது போதும்," என்றார். ரீசைக்கிள் பெட்டிக்குள் தேத்தண்ணிக்குக் கரைக்கிற பால்மாவின் வெறும் ரின் ஒன்று கிடந்தது. தகடுகளைச் சிவப்பு நூலால் ஒன்றாகக் கட்டி அதற்குள் போட்டு, மூடி, வடகிழக்கு மூலையில் புதைத்தேன். மேலே புல்லை வைத்து மிதித்தேன். பத்து நிமிட வேலை. கை கழுவி, தேத்தண்ணி குடித்து, மோர்னிங்சைட்டில் இருக்கிற என்ர வீட்டுக்கு வந்து அதை மறந்தும்போனேன்.

அக்கா வீட்டின் பேஸ்மென்டில் மட்டக்களப்பு அன்ரி குடிவந்து அப்போது இரண்டு கிழமை ஆகியிருந்தது.

அன்ரியைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். நான் வேலை செய்கிற பல் கிளினிக்குக்கு வருகிறவர். புருசன் இல்லை, பிள்ளை இல்லை, அறுபதுக்குக் கிட்ட வயது. இருந்த இடத்தில் வீட்டை விற்கப்போகிறார்கள் என்று முன்மேசையில் நின்று கண் கலங்கினார். அக்காவிடம் கேட்டேன். அக்கா முதலில் சொன்னது: "மட்டக்களப்போ?" அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மட்டக்களப்புப் பெண்கள் மந்திரம் தெரிந்தவர்கள், அங்கே போன ஆம்பிளையைப் பாயோடு ஒட்டி வைத்துவிடுவார்கள், திரும்பி ஊருக்கு வரமாட்டான் என்று எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அவிழ்த்துவிட்டிருக்கிற கதை ஒன்று உண்டு. வேலைக்குப் போன இடத்தில் ஒருத்தியை விரும்பிக் கட்டினவனுக்கு, ஊரில் காத்திருந்த குடும்பத்துக்குச் சொல்ல ஒரு சாட்டு வேண்டியிருந்தது. அவ்வளவுதான் விசயம். அதைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறி, கனடாவில் இறக்கி, பத்திரமாக வைத்திருக்கிறோம். கோதாரி விழுந்த கதை!

"விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா," என்றேன். அக்காவும் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். அன்ரி வந்தார். வந்த ஆறு மாதத்தில் அக்காவுக்கு அன்ரி இல்லாமல் கறி இறங்காது என்ற நிலை. பகலில் அயலில் இருக்கிற மூன்று தாய்மார் தங்கள் குழந்தைகளைக் கீழே விட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். அதுதான் அன்ரியின் வருமானம், அதுதான் அவருடைய உலகமும். நான் போகும்போதெல்லாம் ஒன்று மடியிலும் ஒன்று தோளிலும் ஒன்று காலைக் கட்டிக்கொண்டும் நிற்கும்.

ஒரு விசயத்தை மட்டும் நானும் கவனித்திருக்கிறேன். பின்வளவில் உடுப்புக் காயப்போடும்போது அன்ரி நேராக நடக்கமாட்டார். வடகிழக்கு மூலை வந்ததும் ஒரு வளைவு வளைந்து சுற்றிப் போவார். குழந்தைகள் அந்தப் பக்கம் ஓடினால் பதறிப்போய் இழுத்து வருவார். அங்கே குளவி ஏதும் கூடு வைத்திருக்கிறதாக்கும் என்று நினைத்தேன். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

போன மாரியில் அக்காவோடு அதே வீட்டில் இருக்கிற மருமகளுக்கு ஐந்தாம் மாதத்தில் பிள்ளை தங்காமல் போனது. இரண்டாம் தடவை. அக்கா பின்னி வைத்திருந்த குட்டிச் சுவெட்டரை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் செருகினதை நான் கண்டேன். அதனால் அக்காவை ஒரேயடியாகத் திட்டவும் எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் திட்டாமலும் இருக்க முடியவில்லை.

மே மாதம் பனி விட்டதும் அக்கா மிளகாய்க் கன்று நடுவதற்குப் பின்வளவைக் கொத்தினார். ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு வீடியோ கோல் வந்தது. திரையில் முதலில் தெரிந்தது துருப்பிடித்த ரின். பிறகு அக்காவின் மண் படிந்த கை. பிறகு சிவப்பு நூலால் கட்டின நாலு தகடு.

"எடியே, பாத்தியே! செய்வினையடி! ஆரோ செய்து தாட்டு வைச்சிருக்கினம்!"

வாயைத் திறக்கப்போனேன். அக்காவின் தோளுக்குப் பின்னால், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அத்தான் நின்றார். திரையை நேராகப் பார்த்து, இல்லை என்கிறமாதிரித் தலையை ஒருக்கால் ஆட்டினார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கையை நல்லாக் கழுவுங்கோ அக்கா," என்றேன். நாற்பத்தாறு வயது, ஒரு பிள்ளைக்குத் தாய், எனக்கு வந்த வார்த்தை அதுதான்!

மத்தியானத்துக்குள் படம் அயல் தாய்மாரும் இருக்கிற வட்ஸ்அப் குரூப்பில் போய்விட்டது. பின்னேரம் நான் போய்ச் சேர்வதற்குள் அக்கா வழக்கை முடித்து, கீழே இருக்கிற அன்ரிதான் என்று தீர்ப்பும் எழுதிவிட்டிருந்தார்.

"காவல் தகடாயும் இருக்கலாம்தானே," என்று மெல்ல இழுத்துப் பார்த்தேன்.

"உனக்கென்ன விசரே? காவல் எண்டால் நாலு மூலையிலயெல்லோ இருக்கும். நாலையும் ஒண்டாக் கட்டி ஒரு மூலையில வைச்சால் அது மந்திரக் கட்டுத்தான். வேற எந்த ரின்னும் கிடைக்காமலே பால்மா ரின்னுக்குள்ள வைச்சவள்? பிள்ளைக்கெண்டு குறி வைச்சுத்தான். உவள் அந்த மூலையில கால் வைக்கிறதை நீ ஒரு நாள் கண்டிருக்கிறியே? சுத்திச் சுத்தித்தானே போறவள். தான் தாட்ட இடம் தனக்குத் தெரியுமெல்லோ!"

நேற்றுவரை அன்ரி. இன்றைக்கு உவள். கேஸ் லைனுக்குப் பயந்து நான் செய்த சோம்பேறி வேலை ஒவ்வொன்றும் அன்ரிக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றது. அத்தான் நாற்காலியில் இருந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தை அவர் திருப்பவே இல்லை.

இரவு வீட்டுக்கு வந்தால் என் மகள் குசினி மேசை முழுக்கக் கடதாசி பரப்பி வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்துப் புரொஜெக்ட். வெள்ளைக்காரர் அமெரிக்காவில் குடியேறின காலத்தில் சூனியக்காரிகள் என்று பிடித்துத் தூக்கிலிட்ட பெண்களைப் பற்றியது. "அம்மா, இவை எல்லாரும் புருசன் செத்த விடோஸ், இல்லாட்டிக் காசில்லாதாக்கள், இல்லாட்டி வெளியில இருந்து வந்தாக்கள். பக்கத்து வீட்டில ஒரு பிள்ளை செத்தால் இவையைப் பிடிச்சிடுவினம். ஸோ ஸ்ரூப்பிட்!" என்றாள். போன கிழமை இதே கதையைச் சொன்னபோது வெள்ளைக்காரனின் மூளையை நினைத்து நானும் சேர்ந்து சிரித்தவள். அன்றைக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

புதன்கிழமை பின்னேரம் அக்கா அன்ரியை மேலே கூப்பிட்டார். என்னையும் வரச்சொல்லியிருந்தார். மருமகள் தன் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள், அவள் இறங்கி வரவே இல்லை. சாமித்தட்டுக்கு முன்னால் ஒரு வெண்கலத் தட்டில் அக்கா கற்பூரத்தைக் கொளுத்தினார்.

"நீங்கள் செய்யேல்லை எண்டால் கையால அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

அன்ரி தட்டைப் பார்த்தார். பிறகு சாமிப் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நீளமாகப் பார்த்தார். நான் கண்ணை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நிற்க, நல்லகாலம் என்று சொல்கிறமாதிரிக் கற்பூரப் புகைக்கு எச்சரிக்கை எலாம் அடித்தது. வீடே அலறியது. நானும் முகட்டை அண்ணாந்து பார்த்தேன். அத்தான் கதிரையில் ஏறி நின்று, அதே பேப்பரால், அந்த எலாமுக்கு விசிறத் தொடங்கினார். நாரி பிடித்தவர், குனிய ஏலாதவர், கதிரையில் ஏறினார்! தகட்டின் சொந்தக்காரர் மேலே விசிறுகிறார், புதைத்தவள் கீழே நிற்கிறாள், ஒன்றும் செய்யாதவர் எரிகிற கற்பூரத்தில் உள்ளங்கையை அடித்து, "நான் செய்யல்ல," என்கிறார்.

அன்ரி கையைச் சீலைத்தலைப்பில் பொத்திக்கொண்டு கீழே இறங்கினதும் அக்கா சொன்னார்: "பாத்தியே, ஒரு சத்தம் வரேல்லை. மந்திரக்காரிக்குக் கற்பூரம் சுடுமே?"

சத்தம் போட்டிருந்தால், பொய்ச் சத்தியம், அதுதான் சுட்டது என்றிருப்பார். தண்ணிக்குள் போட்டு, மிதந்தால் சூனியக்காரி, மூழ்கினால் பாவம் நல்ல மனிசி என்று வெள்ளைக்காரன் வைத்த சோதனையை மகள் பெரிய எழுத்தில் எழுதி நிறம் தீட்டி வைத்திருந்தாளே! எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்த வெண்கலத் தட்டைத் தூக்கி எறிந்திருக்கவேண்டும். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அத்தான் காரடிவரைக்கும் பின்னால் வந்தார்.

"கொஞ்சம் பொறும். இது தானா அடங்கும். இப்ப சொன்னால் கொக்கா என்னை வீட்டில வைச்சிருக்கமாட்டா."

"அன்ரியை மட்டும் வைச்சிருக்கினமே அத்தான்?"

"நீர் எனக்குச் சத்தியம் பண்ணினனீர்."

எல்லாருக்கும் சத்தியம்தான்! நானும் பொறுத்தேன். அக்கா என்னோடு கதைக்கமாட்டா, அக்கா–அத்தான் குடும்பம் குழம்பும், வேலை கூடின நேரம் என்று ஆயிரம் சாட்டு எனக்கு நானே சொன்னேன். அதற்குள் மூன்று தாய்மாரும் ஒருத்தர் பின் ஒருத்தராகப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்விட்டார்கள். ஒருத்தி வந்து பிள்ளையின் தலையணையைக்கூட எடுத்துப்போனாளாம், அன்ரியின் வீட்டில் பிள்ளையின் மயிர் ஒன்றும் மிஞ்சக்கூடாதென்று. சனிக்கிழமை அன்ரி இரண்டு சூட்கேசோடு போய்விட்டார். போக வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

புரொஜெக்ட் முடித்த இரவு மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். கடைசியில் கேட்டாள்: "அம்மா, இவை செய்யேல்லை எண்டு ஆருக்காவது தெரிஞ்சிருக்கும்தானே? தெரிஞ்ச ஆள் ஏன் சும்மா இருந்தது? அவையைப் பற்றி ஒரு புக்கிலயும் இல்லை." பிள்ளை என்னைக் குத்திக் கேட்கவில்லை. அவளுக்கு ரூஜ் வீட்டுக் கதை பாதிகூடத் தெரியாது. நான்தான் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

பதினோராம் நாள் அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அத்தானை எதிரில் இருத்திவைத்துச் சொன்னேன். தகடு, துவாய், சாறிக்கடைச் சனிக்கிழமை, கேஸ் லைன், பால்மா ரின், எல்லாம். அத்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "சும்மா ஒரு மனத்திருப்திக்குத்தான்…" என்றார். அக்கா அவருக்குக் கொடுத்த கிழியை நான் இங்கே எழுதவில்லை. கிழித்து முடிந்ததும் கதிரையில் இருந்து முகத்தைத் துடைத்தார். அப்பாடா, முடிந்தது, இனி அன்ரியைத் திரும்பக் கூட்டிவரலாம் என்று நினைத்தேன்.

"அப்ப சரி," என்றார் அக்கா. "நாலு மூலையிலயும் வைக்கவேண்டியதை நீ ஒரு மூலையில போட்டு வைச்சிருக்கிறாய். அதாலதான் வீடு காவலில்லாமக் கிடந்திருக்குது. அதாலதான் அவளின்ர கண் உள்ளுக்க வந்தது."

ஐயோ! என்ர பிழையையும் அள்ளி அன்ரியின் தலையில்தான் கொட்டினார்.

"அக்கா, அன்ரி ஒண்டும் செய்யேல்லை."

"அப்ப ஏன் அந்த மூலையைச் சுத்திப் போனவள்? சொல்லு பாப்பம். நீ தாட்டது அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

இவ்வளவு சொன்ன பிறகும், அந்த ஒரு கேள்வியில் நானும் ஒரு விநாடி தடுமாறினேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். ஒரு விநாடி நானும் நினைத்தேன்.

அன்ரி அஜின்கோர்ட்டில் இருக்கிறார் என்று கிளினிக்கில் கொடுத்திருந்த நம்பருக்கு எடுத்துக் கேட்டறிந்து அடுத்த நாள் போனேன். ஒரு சீனக் குடும்பத்து வீட்டின் பின்னறை. கட்டில், ஒரு யன்னல், பூட்டினபடியே இருந்த சூட்கேசுகள். வலது உள்ளங்கையில் தோல் உரிந்து இளஞ்சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்ததும் நான் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததெல்லாம் போய்விட்டது.

"அன்ரி, அதைப் புதைச்சது நான்."

"தெரியும் கா புள்ள," என்றார். "இரிங்க."

நான் நின்றபடி நின்றேன்.

"கீழறை யன்னல் நிலத்தோடதானே இரிக்கு. நீங்க சிவப்புச் சட்டை போட்டிருந்தீங்க. ரின்ன வைச்சு, மண்ணத் தள்ளி, மறுகா புல்ல வைச்சு ஏறி மிதிச்சீங்க. எனக்குத்தான் வைக்கிறீங்க எண்டு நினைச்சன். மட்டக்களப்பாள் ஒருத்தி கீழ வந்து இரிக்கிறாள், அவளக் கட்டி வைக்கிறாங்க எண்டு. பயம் கா. அந்த மூலைல கால் வைக்கிற இல்ல. புள்ளையளையும் விடுற இல்ல."

"அப்பிடி நினைச்சுக்கொண்டு ஏன் நாலு வருசம் இருந்தனீங்கள்?"

"வேற எங்க போற?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, "கொக்காட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டார். சொன்னேன் என்றேன். அக்கா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, என் முகத்திலேயே கண்டுபிடித்திருப்பார். "அந்த மூண்டு தாய்மாரிட்டயும் சொல்லுங்க. இப்ப, எனக்கு முன்னால. எனக்குப் புள்ளையள் வேணும். அது இல்லாட்டி இந்த அறைக்கும் வாடகை குடுக்க ஏலா."

போனை எடுத்து, அந்தப் படம் போன அதே குரூப்பில் குரலைப் பதிந்து போட்டேன். ரின்னைப் புதைத்தது நான், அது அத்தானின் காவல் தகடு, அன்ரிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று. கொஞ்ச நேரத்தில் அதன் பக்கத்தில் இரண்டு நீலக் கோடு விழுந்தது. எல்லாரும் கேட்டுவிட்டார்கள். பிறகு ஒரு தாய் எழுதினாள்: "ஓகே அக்கா, தாங்ஸ். ஆனா மகன் இப்ப வேற இடத்தில பழகிட்டான்." அதை அன்ரிக்கு வாசித்துக் காட்டினேன். மற்ற இருவரும் எழுதுவார்கள் என்று இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுதவில்லை.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அக்காவில், அத்தானில், அந்தத் தாய்மாரில், கடைசியாக, சொன்னால் வெட்கம், அன்ரியிலும்கூட. "நீங்கள் கண்டனீங்கள்தானே அன்ரி! கற்பூரம் அடிக்கச் சொல்லேக்க, இவள்தான் புதைச்சவள், நான் கண்ணால கண்டனான் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே! ஏன் சொல்லேல்லை?"

அன்ரி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நான் சொன்னா ஆர் நம்புவாங்க? நீங்க அதிலதானே நிண்டீங்க," என்றார். "சொல்லுவீங்க எண்டு உங்களத்தான் பாத்துக்கொண்டு நிண்டன்."